ராகு காலத்துக்கு முன்பே திறந்த இணைப்பு

1

ராகு காலம் என்பது வாரத்துக்கு ஏழு எண்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று இதே பக்கங்களில் மூன்று முறை எழுதியவன் நான். மூன்றாவது கட்டுரையைப் படித்துவிட்டுச் சாத்தூரிலிருந்து ஒரு பெரியவர் நான்கு பக்கத்துக்குத் திட்டி எழுதியிருந்தார். நான் ஐந்து பக்கத்துக்குப் பதில் எழுதினேன். ஐயா, இதைப் படித்துக்கொண்டிருந்தால் அந்த ஐந்து பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிடுங்கள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து பதினேழுக்கு, ராகு காலம் பிறக்கப் பதின்மூன்று நிமிடம் இருக்கையில், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அலுவலகக் கணினியில் ஒரு நிரலிலிருந்து ஒரு வரியை அழித்தேன். ராகுவுக்காகத்தான் அழித்தேன்.

நான் சிவகாசிக்காரன். கல்லூரி விடுமுறைகளில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்தினேன். தினசரித் தாளில் கீழே இரண்டு வரி: ராகு காலம், எமகண்டம். ஏழு நாளுக்கு ஏழு நேரம், சுழன்று சுழன்று வரும். ஒரு முறை ஒரு வாரத்துக்கு மட்டும் புதனுடையது வியாழனுக்கும் வியாழனுடையது புதனுக்கும் இடம் மாறிப் போய்விட்டது, நான்தான் விட்டுவிட்டேன். அச்சாகி, தைத்து, லாரி ஏறிப் போன பிறகுதான் பார்த்தேன். அந்த வாரம் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கடை திறந்தார்கள், பெண் பார்க்கப் போனார்கள், பிள்ளை பெற்றார்கள். ஒரு புகார்கூட வரவில்லை. என் நாத்திகம் அந்த வாரம் பிறந்தது. பகுத்தறிவுப் புத்தகங்களெல்லாம் அதற்குப் பிறகு, எனக்குத் துணைக்கு ஆள் இருக்கிறதா என்று பார்க்கப் படித்தவை.

அப்படிப்பட்டவன் ஏன் இப்படிச் செய்தான் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

2

இந்த மாதத்தோடு நான் கொல்கத்தாவுக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. கடல் கடந்து போனவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை எங்களுக்குக் கிடையாது. பாஸ்போர்ட் இல்லை, விமான நிலையத்தில் அழுகை இல்லை, ஊருக்குப் போனால் சாக்லேட் எங்கே என்று கேட்பாரும் இல்லை. ஹவுராவில் ரயில் ஏறினால் மறுநாள் தமிழ்நாடு. ஆனாலும் மீன்கடைக்காரரிடம் இருபத்தைந்து வருடமாக நான் பேசும் வங்காளத்தைக் கேட்டுவிட்டு அவர் ஹிந்தியில் பதில் சொல்கிறார். அதைவிட ஒரு மனிதன் எவ்வளவு தூரம் புலம்பெயர முடியும்?

வீடு லேக் கார்டன்ஸில், வேலை சால்ட் லேக்கில். மென்பொருள் நிறுவனத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. இங்கே நாங்கள் பதினோரு பேர் ஒரு மாடியில் பாதி. எங்களுக்கு இருக்கும் ஒரே பெரிய வாடிக்கையாளர் சாமந்தா பாபு. ஹவுராப் பக்கம் குளிர்கிடங்கு வைத்திருப்பவர். பன்னிரண்டு அறைகள். மீன், பழம், ஐஸ்கிரீம் என்று அறைக்கு ஒரு குளிர். ஒவ்வொரு அறையிலும் இருக்கும் கருவி வினாடிக்கு ஒரு முறை வெப்பநிலையை எங்களுக்கு அனுப்பும்.

அந்த எண்கள் வந்து சேரும் இடம் சாதாரணத் தரவுத்தளம் அல்ல. சாதாரணமானது, நாம் கேட்ட பிறகு எழுந்து போய்த் தேடும். இது ஓடிக்கொண்டே இருப்பது. என்ன வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு முறை சொல்லி வைத்துவிட்டால் போதும். புது எண் வர வர, பதிலைத் தானே திருத்தி வைத்துக்கொண்டிருக்கும். எந்த வினாடியில் கேட்டாலும் அந்த வினாடியின் பதில்.

இதோடு ஒரு செயற்கை அறிவு உதவியாளரை இணைக்க வேண்டும் என்பது தலைமையகத்தின் ஆசை. சாமந்தா பாபு திரையில் கோடுகளைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொள்ள வேண்டாம், "மூணாம் நம்பர் ரூம் எப்படி இருக்கு?" என்று மனிதரிடம் கேட்பதுபோல் கேட்டால் அது பதில் சொல்லும். கேட்கச் சுலபம்தான். செய்ய நாலு மாதம் ஆனது.

3

நாலு மாதத்தில் மூன்று மாதம் படிவங்களுக்குப் போனது.

தரவுத்தளத்துக்குள் யார் நுழைந்தாலும் ஊழியர் எண் வேண்டும் என்பது சென்னைப் பாதுகாப்புப் பிரிவின் விதி. உதவியாளருக்கு ஊழியர் எண் கிடையாது. ஏன் கிடையாது என்று ஒரு படிவம். அது மனிதர் அல்ல என்று நான் எழுதிக் கொடுத்தேன். அப்படியானால் ஒப்பந்தத் தொழிலாளருக்கான படிவத்தை நிரப்பவும் என்று பதில் வந்தது. அதில் தந்தை பெயர் கட்டாயம். தந்தை பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது. நட்சத்திரக் குறி போட்டேன், ஏற்கவில்லை. கோடு போட்டேன், ஏற்கவில்லை. கடைசியில் என் ஊழியர் எண்ணிலேயே தற்காலிகமாக நுழையட்டும் என்று அனுமதித்தார்கள். ஒன்பதாம் நாள் மனிதவளத் துறையிலிருந்து எனக்கு ஒரு அன்பான கடிதம்: நீங்கள் இடைவிடாமல் வேலை செய்து வருவதைக் கவனித்தோம், உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும். இருபத்தைந்து வருடத்தில் என் உழைப்பை நிறுவனம் பாராட்டியது அந்த ஒரு முறைதான். அதுவும் நான் செய்யாத உழைப்பு.

பிறகு உதவியாளரோடு போராட்டம். இல்லாத அறையைப் பற்றிக் கேட்டால் இல்லை என்று சொல்லாமல் ஒரு அறையைக் கட்டிக் குளிரூட்டித் தந்தது. வங்காளத்தில் பேசச் சொன்னால், அறுபது வயது சாமந்தா பாபுவை 'துமி' என்று கூப்பிட்டது. 'துமி' என்றால் நம் ஊர் 'நீ'. முதலாளியிடம் 'ஆப்னி' என்றுதான் பேச வேண்டும். எங்கிருந்து கற்றது என்று தேடினால், அதற்கான மாதிரி வாக்கியங்களை வங்காளத்தில் எழுதிக் கொடுத்தவன் நான். என் குழுவில் இருக்கும் சுதீப்தா, இந்த வேலையில் பாதிக்கு மேல் செய்தவள், அவற்றைப் படித்துவிட்டு மிகவும் மரியாதையாக, அண்ணன் முறை வைத்து, "தாதா, இனிமேல் வங்காளத்தை நான் எழுதறேன், நீங்க நிரலை எழுதுங்க" என்றாள். நான் நிரலை எழுதினேன். அதுதான் விபரீதம்.

4

நடுவில் சென்னையிலிருந்து ஒரு சுற்றறிக்கை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத சிறு கிளைகள் தலைமையகத்தோடு இணைக்கப்படும். சாமந்தா பாபுவின் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. உதவியாளரை அவருக்குக் காட்ட வேண்டும், பிடித்தால் புதுப்பிப்பார். பிடிக்காவிட்டால் கிளை மூடும், நாங்கள் சென்னைக்கு.

ஊரில் இருப்பவர்களிடம் இதைத் தொலைபேசியில் சொன்னபோது எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். மைத்துனர் வேளச்சேரியில் வீடு பார்க்கவே தொடங்கிவிட்டார். வனவாசம் முடிந்தது மாப்பிள்ளை என்றார். எனக்குத்தான் அந்தச் சந்தோஷத்தில் சேர முடியவில்லை.

மனைவி கோமதி இங்கே ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியை. பதினெட்டு வருடம் ஒரே பள்ளி; அங்கே போனால் முதலிலிருந்து. மகள் யாழினி பன்னிரண்டாம் வகுப்பு. தமிழ் பேசுவாள், படிக்க வராது. என் கட்டுரைகளை அவள் படித்ததே இல்லை என்பதால்தான் என்மீது இன்னும் கொஞ்சம் மதிப்பு வைத்திருக்கிறாள். இரவுச் சாப்பாட்டின்போது பக்குவமாக ஆரம்பிப்பதாக நினைத்து, சென்னையில் கடற்கரை இருக்கிறது என்று தொடங்கினேன். அவளுக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது, மைத்துனர் போனில் சொல்லியிருக்கிறார்.

"நீங்களும் அம்மாவும் போங்கப்பா. நான் கீழ் வீட்டு மாஷியோட இருந்துக்கறேன். அவங்ககிட்ட கேட்டாச்சு."

கீழ் வீட்டு மாஷி என்பவர் இவளைத் தூக்கி வளர்த்த வங்காளத்துப் பெண்மணி. விஷயம் எனக்கே அன்று காலைதான் தெரியும். அதற்குள் கேட்டாயிற்று.

"அங்க நம்ம ஆளுங்க எல்லாம் இருக்காங்கம்மா" என்றேன்.

"உங்க ஆளுங்க" என்றாள். கோபமில்லை. கணக்கில் ஒரு தவறைத் திருத்துவதுபோல் சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

அன்று முதல் அந்த இரண்டு வார்த்தைகளும் என்னோடு பேருந்தில் சால்ட் லேக் வரை வந்து, என்னோடு திரும்பின. ஊருக்குத் திரும்புவதைப் பற்றி இருபத்தைந்து வருடமாக உருக்கமாக எழுதியவன், திரும்ப வேண்டிவந்துவிடுமோ என்று தூக்கம் கெட்டுக் கிடந்தேன்.

5

காட்ட வேண்டிய நாளைச் சென்னை குறித்தது. வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று.

எங்கள் சமையலறைச் சுவரில் சிவகாசிக் காலண்டர் தொங்குகிறது. மைத்துனர் வருடா வருடம் அனுப்புவது. தேதி கிழிக்கும்போது எனக்குக் கீழ்வரியைப் பார்க்கும் பழக்கம் உண்டு. பிழை திருத்தியவன் கண். வெள்ளி, பத்தரையிலிருந்து பன்னிரண்டு. நான் சிரிக்க வேண்டிய இடம் அது. சிரிப்பு வரவில்லை. யாழினி நினைவுக்கு வந்தாள். பத்து மணிக்கு மாற்ற முடியுமா என்று சென்னைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். காரணம் என்ன என்று கேட்டார்கள். போக்குவரத்து நெரிசல் என்று எழுதினேன். பத்து மணிக்குத்தான் நெரிசல் அதிகம், பதினொன்றே இருக்கட்டும் என்று பதில் வந்தது. நியாயம்தான்.

நம் பக்கத்தில் பரஸ்தானம் என்று ஒன்று உண்டு. ராகு காலத்தில் பயணம் கிளம்பியாக வேண்டுமென்றால், நல்ல நேரத்திலேயே பையை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பயணம் தொடங்கியாகிவிட்டது, பை முன்னே போயிற்று, ஆள் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்கிறார். ராகுவை இவ்வளவு சட்டநுணுக்கத்தோடு ஏமாற்றிய சமூகம் வேறு எங்கும் இருக்காது. அந்த மூளைதான் அன்று காலை எனக்குள் வேலை செய்தது.

உதவியாளருக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் நான் எழுதிய சிறு நிரல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. உதவியாளர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அது ஒரு கணக்கைத் திறந்து, பதிலை வாங்கி, கணக்கை மூடும். எங்கள் தொழிலில் இதை டிரான்ஸாக்‌ஷன் என்போம். பத்து பதினேழுக்கு முதல் கேள்வியைக் கேட்டுத் தொடங்கிவிட்டால் நல்ல நேரத்தில் தொடங்கியதாகும். ஆனால் அந்தக் கேள்வியோடு கணக்கு மூடிக்கொள்ளும். பதினொன்றுக்கு மறுபடி திறந்தால் அது புதுத் தொடக்கம், ராகு காலத்தில். ஆகவே மூடும் வரியை அழித்தேன். முதல் கேள்வியை நானே கேட்டேன். பையை எதிர்வீட்டில் வைத்தாயிற்று.

இதில் ஒரே ஒரு சங்கடம். திறந்த கணக்கு, தான் திறந்த கணத்தின் நிலவரத்தைத்தான் கடைசிவரை காட்டும். நடுவில் உலகம் மாறினாலும் அதற்குக் கவலையில்லை. மூடித் திறந்தால்தான் புது எண் தெரியும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே இதைப் பாடமாக நடத்துபவன் நான். கரும்பலகையில் படம்கூடப் போடுவேன். வினாடிக்கு வினாடி ஓடும் தரவுத்தளத்தை, நல்ல நேரம் என்று பத்து பதினேழில் நிறுத்திவைத்தவனும் நான்தான்.

6

பதினொன்றுக்குச் சாமந்தா பாபு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை, முகத்தில் யாரையும் நம்பாத சாந்தம். சுவர்த் திரையில் சென்னையிலிருந்து நான்கு பேர். அதில் ஆனந்தி என்ற மனிதவளப் பெண்மணியும் ஒருவர். நான் பத்து நிமிடம் பேசினேன். உதவியாளர் ஆப்னி ஆப்னி என்று அழகாகப் பேசியது, சுதீப்தா புண்ணியம்.

சாமந்தா பாபு மூன்றாம் அறை எப்படி இருக்கிறது என்று கேட்டார். இந்த நொடியில் மைனஸ் பதினெட்டு, எல்லாம் சீராக இருக்கிறது என்றது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டார். மைனஸ் பதினெட்டு. மூன்றாம் முறை கேட்டபோது, கவலை வேண்டாம் என்று கூடுதலாக ஒரு வரி சேர்த்தது. அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, கிடங்கில் இருக்கும் நிமாய்-தா என்பவரைக் கூப்பிட்டார். மூன்றாம் அறைக் கதவு எப்படி இருக்கிறது என்று வங்காளத்தில் கேட்டார்.

"ஹாட் கோரே கோலா, பாபு" என்றது குரல். விரியத் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். "நீங்க சொன்ன மாதிரியே பத்தே முக்காலுக்குத் திறந்து வச்சேன். முள்ளு மைனஸ் மூணுக்கு வந்தாச்சு. இப்ப மூடட்டுமா?"

அந்த அறை அன்று காலி. எங்களைச் சோதிக்கவே திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறார். கிடங்குக்காரர் புத்தி.

சுதீப்தா அதற்குள் தன் மடிக்கணினியில் தரவுத்தளத்தை நேரடியாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள். மைனஸ் மூன்று. தரவுத்தளம் சரி, கருவி சரி, நிமாய்-தா சரி. அப்படியானால் நடுவில் இருப்பதுதான். நிரலைத் திறந்தாள். யார் எப்போது எந்த வரியைத் தொட்டார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும்.

"தாதா, மூடற வரியைக் காலைல பத்து பதினேழுக்கு யாரோ எடுத்திருக்காங்க." பிறகு பெயரைப் பார்த்தாள். மெதுவாக, "நீங்க."

எனக்கு ஆயிரம் பொய் தோன்றியது. ஊழியர் எண் ஒன்றே, உதவியாளர்தான் செய்தது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு அறைகளின் நிலவரத்தை நம்பி ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார், வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னேன். ஆங்கிலத்தில் தொடங்கி, வங்காளத்தில் சறுக்கி, கையால் படம் வரைந்து. சுதீப்தாவுக்குப் பாதி புரிந்தது. சென்னைத் திரையில் இருந்த நான்கு பேருக்கும் விளக்கமே தேவைப்படவில்லை. ஒலியை நிறுத்தி வைத்திருந்தார்கள், தோள்கள் மட்டும் குலுங்கின.

சாமந்தா பாபு சிரிக்கவில்லை. "பார்பேலா" என்றார். வங்காளப் பஞ்சாங்கத்தில் ஆகாத வேளைக்கு அந்தப் பெயர். "வெள்ளிக்கிழமை காலையில இருக்கு, எனக்கும் தெரியும். பார்க்காம நான் வீட்டுப் படி இறங்க மாட்டேன். நீங்க எல்லாம் படிச்சவங்க, பதினொண்ணுன்னு எழுதியிருந்தீங்க. மாத்தச் சொன்னா சிரிப்பீங்களேன்னு வந்துட்டேன்."

அவர் கேட்டிருந்தால் சென்னை உடனே மாற்றியிருக்கும்.

பிறகு அவர் தொழிலுக்கு வந்தார். தப்பான எண் சொன்னதுகூடப் பரவாயில்லை, நிமாயும் சில சமயம் தப்பாகச் சொல்வான். ஆனால் நிமாய், காலையில் பார்த்தது பாபு, இப்போது போய்ப் பார்க்கிறேன் என்பான். இது பழைய எண்ணை வைத்துக்கொண்டு இந்த நொடி என்றது. எந்த நேரத்து எண் என்பதை முதலில் சொல்ல வேண்டும், வெப்பநிலையை அப்புறம் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு வருடம் பார்க்கலாம் என்று குடையை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி, ஒப்பந்தத்தில் கையெழுத்தைத் திங்கட்கிழமை போடுகிறேன் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

7

வீட்டில் சொன்னேன். யாழினி பெருமூச்சு விட்டுவிட்டுக் கீழ் வீட்டு மாஷிக்குச் சொல்ல ஓடினாள். கோமதி காலண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, இந்தக் காலண்டர் ஆறு மணிக்கு விடியற ஊருக்குப் போட்டது. இங்க இப்ப அஞ்சுக்கு முன்னாடியே சூரியன் வந்துருது. சூரியனை வச்சுத்தானே ராகு காலம்? அந்தக் கணக்குல இன்னிக்குப் பத்து மணிக்கே ஆரம்பிச்சாச்சு."

அதாவது, பத்து பதினேழுக்கு நான் ராகு காலத்தின் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு அதைத் தவிர்த்திருக்கிறேன். இருபத்தைந்து வருடம் இந்த ஊர்ச் சூரியனில் சட்டை காயப்போட்டவனுக்கு இது தோன்றவில்லை. ஏழாம் வகுப்புப் பாடம் என்றாள் கோமதி.

திங்கட்கிழமை கையெழுத்து வந்தது. மூடும் வரியைச் சுதீப்தா திரும்பப் போட்டாள். அதை இனி நான் தொட முடியாதபடி பூட்டும் போட்டாள். உதவியாளர் இப்போது மணியைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறது. மனதுக்குள் ஒரு பெரிய பாரம் இறங்கியிருந்ததால், யாரிடமாவது நல்லவிதமாகப் பேச வேண்டும் போலிருந்தது. சென்னைக்கு, ஆனந்திக்குப் போன் செய்தேன். ஒப்பந்தம் கிடைத்துவிட்டது, எனக்காக அங்கே மேஜை நாற்காலி ஏதாவது ஒதுக்கி வைத்திருந்தால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று கொஞ்சம் பெருந்தன்மையாகவே சொன்னேன்.

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பட்டியலைத் தேடியிருப்பார் போலிருக்கிறது. பிறகு, மிகவும் பணிவாகச் சொன்னார்:

"சார், உங்களுக்குன்னு எதுவும் ஒதுக்கலையே. அங்கேருந்து இங்க வர்றதா இருந்தது ரெண்டே ரெண்டுதான் சார். ஒண்ணு சுதீப்தா. இன்னொண்ணு அந்த டேட்டாபேஸ்."